கையெழுத்துக்கு முன்: விபத்துக் காயத்துக்குப் பேசி முடிக்கும் தொகையும் தொழிலாளியின் காப்பும்



ஒன்றரை ஷிப்ட் விடும் இரவு எட்டரை மணிக்கு அவிநாசி ரோட்டிலோ மங்கலம் ரோட்டிலோ நின்று பார்த்தால், திருப்பூரின் தொழில் முழுவதும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்திருப்பது தெரியும். தையல் முடித்து டூவீலரில் வீடு திரும்புகிறவர்கள், பக்கத்துக் கிராமங்களில் ஆட்களை இறக்கிவிடப் போகும் கம்பெனி வேன்கள், டையிங்குக்கும் காம்பாக்டிங்குக்கும் துணி ரோல் ஏற்றி ஓடும் சிறு சரக்கு வண்டிகள், நெடுஞ்சாலையை நோக்கிப் போகும் கன்டெய்னர்கள் எல்லாம் ஒரே சாலையில். 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தும் கன்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அத்தகைய விபத்துக்கு அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் தாமாகவே வந்து சேர்வார்கள். நான் பேச வந்தது செய்தித்தாளுக்கு வராத விபத்துகளைப் பற்றி. கணுக்கால் முறிந்தது, மணிக்கட்டு முறிந்தது, ஆள்காட்டி விரல் நசுங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை. மருத்துவமனையில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போதே யாரோ ஒருவர் வந்து, “கேஸ் எதுக்குங்க, பேசி முடிச்சுக்கலாம்” என்கிறார். வாரச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அந்தச் சொல் ஆறுதலாகத்தான் கேட்கும்.

வக்கீல் வைக்காமல் பேசி முடிப்பதில் தவறில்லை. சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. பல காயங்களுக்கு அதுவே விரைவான, செலவில்லாத வழி. ஆனால் அந்த வழியில் காயம்பட்டவருக்கு உள்ள காப்பு ஒன்றே ஒன்று: உடன்பாட்டை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பதிவு செய்கிறது என்பது. அந்தப் பதிவு வெறும் முத்திரையாக நின்றுவிடக் கூடாது. காயம் எந்த அளவில் நிலைத்தது என்று மருத்துவர் சொல்வதற்கு முன்பும், அந்தக் காயம் இந்த ஆளின் வேலையை என்ன செய்தது என்று கணக்கிடுவதற்கு முன்பும் எந்த உடன்பாட்டையும் பதிவு செய்யக் கூடாது. இன்று நான் முன்வைக்கும் வாதம் இதுதான்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்தாக வேண்டும். காப்பீட்டு நிறுவனம் குறைவாகக் கொடுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தம் வண்டி சேதத்துக்கோ தம் மருத்துவக் காப்பீட்டுக்கோ அது பொருந்தும். பிறருடைய வண்டி மோதிக் காயப்பட்டவருக்குப் பொருந்தாது. பாலிசி எடுத்தவர் வண்டி உரிமையாளர். பிரீமியம் கட்டியவரும் அவர்தான். காயப்பட்டவர் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் மூன்றாம் நபர். நிறுவனம் அவருக்கு எதையும் விற்கவில்லை. அவரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய வியாபாரக் காரணமும் அதற்கு இல்லை. கடையில் பொருள் வாங்கியவருக்கு இருக்கும் பேரம் பேசும் பலம்கூட இந்த இடத்தில் இல்லை. எதிரே இருப்பது ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பார்த்துப் பழகிய ஒரு நிறுவனம். இந்தப் பக்கம் இருப்பவருக்கு வாழ்க்கையில் இது முதல் விபத்து. இந்தச் சமமின்மையை நேர்செய்யத்தான் மோட்டார் வாகனச் சட்டம் தனியாகத் தீர்ப்பாயத்தை அமைத்தது.

அந்தச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின் இழப்பீட்டுப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போதைய 149-ஆம் பிரிவின்படி, விபத்துத் தகவல் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனம் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தின் முன்னிலையில் ஒரு தொகையை முன்மொழியலாம். காயப்பட்டவர் ஏற்றால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும். பதிவு கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் நிறுவனம் பணம் தர வேண்டும். ஏற்காவிட்டால் விசாரணைக்கு நாள் குறிக்கப்படும். இதற்கு அடித்தளமாகக் காவல்துறைக்கும் கடமை உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் சேர்ந்த 150ஏ விதி, 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 50 நாட்களில் இடைக்கால அறிக்கையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்கிறது. 10 நாட்களுக்குள் காயப்பட்டவருக்கு அவருடைய உரிமைகள் அடங்கிய படிவம் ஒன்றைக் கொடுப்பதும் விசாரணை அதிகாரியின் வேலை. 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை நாடு முழுவதும் கறாராக நிறைவேற்ற உத்தரவிட்டது. காகிதத்தில் இது நல்ல அமைப்பு. தேதிகளை மட்டும் ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். எல்லா நாட்களும் நிறுவனத்துக்கும் காவல்துறைக்கும் விதிக்கப்பட்டவை. எலும்பு கூட எடுக்கும் நாட்களும், நரம்பு மீளுமா மீளாதா என்று தெரிய எடுக்கும் மாதங்களும் இந்த அட்டவணையில் இல்லை.

இங்கேதான் இழப்பு நடக்கிறது. விபத்து இழப்பீட்டின் பெரும்பகுதி ஆஸ்பத்திரி பில்லில் இல்லை. எதிர்காலத்தில் குறையப்போகும் சம்பாத்தியத்தில் இருக்கிறது. இதை எப்படிக் கணக்கிடுவது என்று 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருத்துவர் தரும் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய வருமான இழப்பு கிட்டத்தட்ட முழுமையானது. அரசு அலுவலக எழுத்தருக்கு அதே ஊனம் வேலையையே பறிக்காமல் போகலாம் என்று அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. ஓவர்லாக் மிஷினில் உட்காரும் ஒருவரை வைத்து இதைப் பாருங்கள். இரண்டு கையும் துணியை ஒரே சீராக நகர்த்த வேண்டும், இரண்டு விரல் நுனிகள் கத்தியின் அருகில் ஓரத்தைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், வலது பாதம் பெடலை அழுத்தியும் தளர்த்தியும் வேகத்தை ஆள வேண்டும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அந்த வேகம்தான் கூலி. கணுக்கால் மூட்டு முழுதாக மடங்கவில்லை என்றால் மருத்துவச் சான்றில் அது 10 சதவீதமாக இருக்கக்கூடும். மிஷினில் அவர் டெய்லராக நீடிக்க முடியாமல் செக்கிங்குக்கோ கைமடிக்கோ இறங்குகிறார். அந்த இறக்கம் 10 சதவீதத்தில் அடங்காது.

எண்ணில் போட்டால் விளங்கும். வயது 28, மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குள் இருக்கும் நிரந்தரமில்லாத ஊழியருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு வகுத்தது. அது இறப்புக்கு மட்டுமல்ல, நிரந்தர ஊனத்துக்கும் பொருந்தும் என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கு உறுதி செய்தது. ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. சர்லா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 26 முதல் 30 வயது வரை பெருக்கு எண் 17. மொத்தம் 42,84,000. சம்பாத்திய இழப்பை 10 சதவீதம் என்று கொண்டால் 4,28,400 ரூபாய். அந்த வேலையை இனிச் செய்ய முடியாது என்பதை ஏற்று 30 சதவீதம் என்று கொண்டால் 12,85,200 ரூபாய். இரண்டுக்கும் நடுவில் எட்டரை லட்சம். சிகிச்சைச் செலவு, படுக்கையில் இருந்த நாட்களின் சம்பளம், உதவியாளர் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் இதற்கு மேல். எலும்பு கூடுவதற்கு முன் வரும் எந்தத் தொகையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வந்திருக்க முடியாது, ஏனென்றால் சதவீதம் யாருக்கும் தெரியாது. வக்கீல் இருந்தால் இந்தக் கணக்கை அவர் போடுவார். வக்கீல் இல்லாதவருக்கு இதை யார் போட்டுக் காட்டுவது என்று சட்டம் சொல்லாமல் விட்டிருக்கிறது.

வருமானத்துக்குச் சான்று இல்லையே என்று பேச்சுவார்த்தையில் கேட்கப்படும் கேள்வி பின்னலாடைத் தொழிலாளியை எளிதில் மடக்கிவிடும். காண்ட்ராக்டரிடம் வேலை, சனிக்கிழமை கையில் பணம், சம்பளச் சீட்டு கிடையாது. இதற்கும் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. 2011-இல் ராமச்சந்திரப்பா வழக்கில் கூலித் தொழிலாளி சொன்ன 4,500 ரூபாயை ஏற்றது; 2014-இல் சையத் சாதிக் வழக்கில் காய்கறி வியாபாரிக்கு 6,500 ரூபாய் வைத்து, காலை இழந்த அவருடைய வருமான இழப்பை 85 சதவீதமாகக் கணித்தது. ஒழுங்கமைக்கப்படாத வேலையில் இருப்பவரிடம் எழுத்துச் சான்று கேட்டு அடம்பிடிக்கக் கூடாது என்பதே இவற்றின் சாரம். திருப்பூரில் இதைவிட வலுவான சான்றும் உண்டு. உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திடும் சம்பள ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், அயர்ன், பேக்கிங், கைமடி என்று பிரிவுவாரியாக ஷிப்ட் கூலி இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் நகல் ஒன்றும், இ.எஸ்.ஐ. அல்லது பி.எஃப். பங்களிப்புப் பதிவும், கூட வேலை பார்த்த ஒருவரின் சாட்சியும் இருந்தால் ‘சான்று இல்லை’ என்ற பேச்சுக்கே இடமில்லை. தொழிற்சங்க அலுவலகங்கள் கூலி உயர்வுக்குப் போராடிப் பெற்ற தாளைத் தம் உறுப்பினரின் விபத்துக் கோப்பில் வைக்க முன்வந்தால், அது நான் அறிந்த எந்தப் புதிய சட்டத்தைவிடவும் உடனடியாகப் பயன் தரும்.

காயம் நிலைப்படும்வரை கையெழுத்து கூடாது என்பது விசித்திரமான கோரிக்கை அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கார் விபத்துகளில் வரும் கழுத்துச் சுளுக்குக் காயங்களுக்கு 2018-இல் ஒரு சட்டம் இயற்றி 2021 மே 31 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். சிறிய தொகைகளுக்கு வக்கீல் இல்லாமலே காயப்பட்டவர் நேரடியாக இணையத்தில் கோரிக்கை வைக்கலாம் என்று வழி திறந்தார்கள். அதே சட்டத்தில், மருத்துவ அறிக்கையைப் பார்க்காமல் நிறுவனம் தொகை பேசவும் கூடாது, கோருபவர் பக்கத்து வழக்கறிஞர் ஏற்கவும் கூடாது என்று தடையும் போட்டார்கள். அந்த நாட்டில் நோக்கம் பொய்க் கோரிக்கைகளைக் குறைப்பது. நான் இங்கே கேட்பது உண்மைக் காயத்தைக் காப்பது. நோக்கம் வேறானாலும் விதி ஒன்றே, அது இரண்டு பக்கத்தையும் கட்டுகிறது. வக்கீலை விலக்கிய இடத்தில் மருத்துவச் சான்றை வைத்தார்கள். நாம் வக்கீலையும் விலக்கி, சான்றையும் கட்டாயமாக்காமல், 30 நாள் அவசரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இதற்கு எழும் முதல் மறுப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. காத்திருக்கச் சொல்வது எளிது. வீட்டு வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் காத்திருக்காதே என்பார்கள். உண்மை. இன்று கிடைக்கும் 60,000 ரூபாய் அடுத்த ஆண்டு கிடைக்கும் பல லட்சத்தைவிடப் பெரிதாகத் தெரிவதற்குப் பசியே காரணம், அறியாமை அல்ல. முதல் சில நாட்களின் சிகிச்சைக்கு இப்போது ஓரளவு வழி பிறந்திருக்கிறது. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு சாலைப் பாதுகாப்பில் பல உத்தரவுகளைக் கொண்டுவந்தது. புதிய டூவீலருக்கு 5 ஆண்டும் காருக்கு 3 ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயமானது அதன் விளைவுதான். கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை உடனே வகுக்கச் சொல்லி 2025 ஜனவரியில் ஆணை வந்ததும் அதே வழக்கில். மே மாதம் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டம் விபத்து நடந்ததிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு 1,50,000 ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேர்ந்த விபத்தைப் பணிக்காயமாகக் கருத 2010 திருத்தம் வழி செய்தது. தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு. ஒரே பணிக்காயத்துக்கு இ.எஸ்.ஐ. பயனும் வேறு சட்டத்தின் கீழ் இழப்பீடும் பெறுவதற்கு எதிராக, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தில் தடை இருந்தது. நிறுவனங்கள் அதைத் தீர்ப்பாயத்தில் எழுப்புவதுண்டு. எந்த வழியில் போவது என்பதைப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவை போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். போதாமைக்கு ஒரு பெரிய காரணம் 2019 திருத்தமே. பழைய சட்டத்தில் 140-ஆம் பிரிவு இருந்தது. யார் தவறு என்று பார்க்காமல் இறப்புக்கு 50,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 25,000 ரூபாயும் முதலில் தரச் சொன்னது அது. தொகை சிறியது. ஆனால் அதை வாங்கிய பிறகும் முழு இழப்பீட்டு வழக்கு உயிரோடு இருந்தது. திருத்தத்துக்குப் பின் 164-ஆம் பிரிவு தவறு பார்க்காமல் இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தருகிறது. தொகை பத்து மடங்கு உயர்ந்தது என்று அன்று பெருமையாகப் பேசப்பட்டது. 166-ஆம் பிரிவில் சேர்த்த ஒரு வரியை யாரும் அவ்வளவு உரக்கப் படிக்கவில்லை: 149-இன் முறைப்படி 164-இன் தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள இழப்பீட்டு மனு காலாவதியாகிவிடும். முன்பு கைச்செலவுக்குக் கொடுத்த பணம் இப்போது கணக்கை முடிக்கும் பணமாகிவிட்டது. நாம் மேலே பார்த்த ஓவர்லாக் டெய்லர் 2.5 லட்சத்தை நன்றியோடு வாங்கும்போது 12 லட்சத்துக்கான கதவைத் தம் கையாலேயே சாத்துகிறார். இது கண்டிப்பாகத் திருத்தப்பட வேண்டிய வரி. இடைக்காலத் தொகையை மீண்டும் இடைக்காலத் தொகையாக்கினால் பசிக்காகக் கையெழுத்திடும் கட்டாயம் பெருமளவு குறையும். காத்திருக்கச் சொல்வதும் நியாயமாகும்.

பொய்க் கோரிக்கைகள் பெருகிவிட்டன, நிறுவனங்கள் இறுக்கிப் பிடிப்பதில் என்ன தவறு என்பது அடுத்த மறுப்பு. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்கு நிலைமை போனதும், 2021-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்ததும் பதிவில் உள்ளவை. அந்தத் திருட்டு எல்லோருடைய பிரீமியத்தையும் உயர்த்துகிறது. அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் போலியைத் தடுக்கும் கருவி குறைந்த தொகை அல்ல, நல்ல ஆவணம். 48 மணி நேரத்தில் போன அறிக்கையும், மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியும், மோட்டார் வாகன ஆய்வாளரின் வண்டி அறிக்கையும், மருத்துவக் குழுவின் சான்றும் இருக்கும் கோப்பில் போலி நுழைவது கடினம். இவை எதுவும் இல்லாமல் வார்டில் வைத்துப் பேசி முடிக்கும் கோப்பில்தான் இரண்டு பக்கத்துப் பொய்யும் எளிது. சான்றுக்காகக் காத்திருப்பது நேர்மையான நிறுவனத்துக்கும் பாதுகாப்பு.

ஏ.ஆர். காப்பி என்று சொன்னேன். அதன் முதல் வரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. காயப்பட்டவரைக் கூட்டி வந்தவர், எப்படி அடிபட்டது என்று பணியில் இருக்கும் மருத்துவர் கேட்கும்போது, ‘வண்டியில் போகும்போது தானாக விழுந்துவிட்டார்’ என்று சொல்லிவிட்டால் அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். கூட்டி வந்தவர் மோதிய வண்டிக்காரராகவே இருக்கலாம். கம்பெனி சூப்பர்வைசராகவும் இருக்கலாம். போலீஸ் ஸ்டேஷன் அலைச்சல் வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில்கூட அந்த வரி சொல்லப்படுவதுண்டு. பின்னால் எவ்வளவு பேசினாலும் முதலில் எதிர்நிற்பது அந்த வரிதான். முதல் தகவல் அறிக்கை தாமதமானால் பெரிய குற்றமில்லை; தாமதம் ஒன்றையே காரணமாக்கி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2011-இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவேட்டில் தவறாக ஏறிய வரியை அழிப்பது அதைவிடக் கடினம்.

கம்பெனி வேனில் வரும்போது அடிபட்டவருடைய சங்கடம் இன்னும் நுட்பமானது. முதலாளியே ஆஸ்பத்திரிக்கு வருகிறார், பில்லைக் கட்டுகிறார், குணமாகி வந்தால் வேலை உண்டு என்கிறார். இதில் பெரும்பகுதி உண்மையான பரிவு. இதற்கு மேல் கேஸ் போடுவது உண்டவீட்டுக்கு இரண்டகம் என்று தொழிலாளி நினைக்கிறார்; முதலாளியும் அதை ஒரு வழக்காக, தம் மேல் வரும் பழியாகப் பார்க்கிறார். வேனுக்கு முறையான பாலிசி இருந்தால் தொகையைத் தருவது காப்பீட்டு நிறுவனம். அதற்காகத்தான் அவர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார். கையிலிருந்து 40,000 கொடுத்து முடிக்கும் முதலாளி தம் பணத்தையும் இழக்கிறார், தொழிலாளியின் லட்சங்களையும் இழக்க வைக்கிறார். ஆட்களைச் சரக்கு வண்டியில் ஏற்றியிருந்தால் கதை வேறு. சரக்கு வண்டியில் கட்டணமின்றிப் போகும் பயணிக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கு தீர்த்திருப்பதால், சுமை உரிமையாளர் தலையில் விழும். துணி ரோலோடு ஆளையும் ஏற்றி அனுப்பும் பழக்கம் இந்த வட்டாரத்தில் உள்ளவரை, அப்படி அடிபட்டவருக்குப் பேசி முடிப்பதைத் தவிர வேறு கதியில்லாமல் போகும் அபாயம் இருக்கிறது. இதை ஏற்றுமதியாளர் சங்கங்கள் தம் உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் எல்லோரும் வக்கீல் வைத்துக்கொள்ளட்டுமே என்பது மூன்றாவது மறுப்பு. கிடைக்கும் தொகையில் பங்கு போய்விடும் என்ற பயம்தான் பலரை வக்கீலிடம் போகவிடாமல் தடுக்கிறது. தீர்ப்புத் தொகையைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் அதில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன என்பதைத் தொழிலாளிகள் அறிய வேண்டும். அதைவிட முக்கியமானது 1987-இன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரோடு தொழிற்சாலைத் தொழிலாளியையும் அது இலவச சட்ட உதவிக்கு உரியவராக்குகிறது. வருமான வரம்பு இவர்களுக்குக் கிடையாது. பனியன் கம்பெனித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இதில் ஏதேனும் ஒரு வகையில் அடங்குவார்கள். திருப்பூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் முழு வழக்கை நடத்தித் தரச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. நிறுவனம் சொல்லும் தொகை சரியா என்று ஒரு முறை பார்த்துச் சொல்லச் சொன்னாலே போதும். வக்கீல் இல்லாமல் முடிப்பதற்கும் ஆலோசனையே இல்லாமல் முடிப்பதற்கும் நடுவில் இப்படி ஒரு நிலை இருக்கிறது.

மக்கள் நீதிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலுவையில் உள்ள விபத்து வழக்குகள் அங்கே விரைவாக முடிகின்றன, பணமும் வருகிறது, நல்லதுதான். அதன் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. அதனாலேயே ஒப்புதல் உண்மையான ஒப்புதலாக இருக்க வேண்டும். 2008-இல் பஞ்சாப் அரசு எதிர் ஜலௌர் சிங் வழக்கில், மக்கள் நீதிமன்றம் தானாகத் தீர்ப்புச் சொல்லும் இடமல்ல, இரு தரப்பும் ஒத்துக்கொண்டதைப் பதியும் இடம் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இந்தத் தொகைக்கு மேல் வராது, இன்றே முடித்துக்கொள்ளுங்கள் என்று மேசைக்கு எதிரே இருந்து யார் சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வழக்கைத் தொடரலாம். ஒப்புதல் தராததற்காக யாரும் எதையும் இழப்பதில்லை.

ஆறு மாதக் காலவரம்பை மறந்துவிடக் கூடாது. 166-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யச் சொல்கிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. இந்தா அந்தா என்று இழுத்தடிக்கும் பேச்சு காலவரம்பைத் தாண்டவைக்கும் தந்திரமாகவும் ஆகலாம். 2025 நவம்பரில், இந்த வரம்பைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்திருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது. காவல்துறையின் விரிவான அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருந்தாலும், மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிட்டு, மருத்துவச் சான்று வந்த பிறகு உடன்பாடு பேசுவதே பாதுகாப்பு. மனு நிலுவையில் இருப்பது உடன்பாட்டுக்குத் தடையில்லை.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இவை எல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும். அவர்கள் கையெழுத்திடும் ரசீது அவர்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம் அதில் அடங்கியிருப்பதை ஊருக்குப் போன பிறகுதான் யாராவது படித்துச் சொல்வார்கள். மனுவை விபத்து நடந்த ஊரிலோ தாம் குடியிருக்கும் ஊரிலோ தாக்கல் செய்யலாம் என்று சட்டம் தரும் தெரிவு இவர்களுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. பணத்தை நேரே காயப்பட்டவரின் வங்கிக் கணக்கில் செலுத்த 2025 மார்ச்சில் பர்மிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இவர்களுக்கு மிகவும் பயன்படும். இடையில் ரொக்கமாகக் கைமாறும் எந்த ஏற்பாட்டையும் தீர்ப்பாயம் ஏற்கக் கூடாது.

ஆகவே நான் கேட்பது தீர்ப்பாயத்தின் பதிவில் நான்கைந்து வரிகள்தான். மருத்துவச் சான்றின் தேதியும் ஊனச் சதவீதமும். காயப்பட்டவர் செய்த வேலை, அது இப்போது முடிகிறதா இல்லையா என்பது. ஏற்றுக்கொண்ட மாத வருமானமும் பெருக்கு எண்ணும். அவற்றின்படி வந்திருக்க வேண்டிய தொகையும் ஒப்புக்கொண்ட தொகையும் பக்கத்துப் பக்கத்தில். குறைவாக ஒப்புக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு; எவ்வளவு குறைவு என்று தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தாளைக் காயப்பட்டவரின் தாய்மொழியில் படித்துக் காட்டியதாக ஒரு கையெழுத்தும் வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. உயர் நீதிமன்றம் நடைமுறைச் சுற்றறிக்கை ஒன்றால் செய்துவிடலாம். அது வரும்வரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இதே தாளை அச்சிட்டு, அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டிலும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் கம்பெனிகளின் டைம் ஆபீஸிலும் வைக்கலாம். நிரப்பப்படாத இடங்கள் இருக்கும்வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்பதை அந்தத் தாளே காயப்பட்டவருக்குச் சொல்லிவிடும்.